மாடிக்குப் போகும் சோறு

தம்பி,

ராகலை மலைக் குளிரில் உனக்கு இருமல் வந்துவிடக் கூடாதென்று பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். உன் கடிதம் வந்தது. உன் அப்பா அதைச் சத்தமாக வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. புதுக் கடை, புதுப் பெயர்ப்பலகை, மாடியில் உனக்கென்று தனி அறை, எல்லோரும் சொன்னபடி கேட்கிறார்கள், ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருந்தாய். நானும் பூரித்துப் போய்த்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், கடைசிப் பக்கம் வரைக்கும். அங்கேதான் ஒரு வரி வந்தது: மத்தியானச் சாப்பாட்டை மாடிக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டேன், நேரம் மிச்சமாகிறது. அதைக் கேட்டதும் என் பூரிப்பெல்லாம் இறங்கிவிட்டது. உன் அப்பாவும் அந்த வரியை இன்னொருதரம் வாசித்தார். பிறகு கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

நீ சிரிப்பாய். சோற்றை எங்கே வைத்துத் தின்றால் என்ன, இந்த அம்மாவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு புலம்பல் என்று நினைப்பாய். சிரித்துக்கொள், ஆனால் முழுதும் வாசித்துவிட்டுச் சிரி. அட்டனில் நம் கடை ஒரு காலத்தில் மூடிப்போகப் பார்த்தது உனக்குத் தெரியாது. நீ அப்போது கண்டியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்தபோது 'ஏன் கடையில் கூட்டமே இல்லை' என்று கேட்டாய். தோட்டங்களில் ஆள் குறைத்துவிட்டார்கள், தேயிலை விலை விழுந்துவிட்டது என்று உன் அப்பா சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை. எதிர்க்கடையில் மட்டும் ஏன் கூட்டம் இருந்தது என்று நீ கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல அவருக்கு இன்றைக்கும் வெட்கம். அதனால் நான் சொல்கிறேன்.

உன் அப்பா தலைச்சுமையாகச் சாமான் கொண்டுபோய் தோட்டத்து ஜனங்கள் குடியிருக்கிற லயம் லயமாக விற்ற மனிதர். கடை என்று ஒன்று வைத்து நாலு ஆட்களைச் சேர்த்தபோது அவரே ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். அடுப்படிக்கும், மூட்டை அடுக்குகிற கிட்டங்கிக்கும் நடுவில் இருக்கிற அந்த நீளக் கூடத்தில் பாய் விரித்து மத்தியானம் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும். முன்கடையைப் பார்க்க ஒருவர் நின்றால் போதும். முதலாளிக்கென்று தனிப் பலகை கிடையாது, எங்கே இடம் இருக்கிறதோ அங்கே உட்காருவார். நாளைக்கு எந்தத் தோட்டத்துக்கு என்ன சாமான் போகிறது என்று சாப்பிட்டுக்கொண்டே சத்தமாகச் சொல்லுவார். மற்றவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுவார்கள். அதற்கு ஒரு சட்டமும் வைத்திருந்தார். "சோத்துல உக்காந்து பேசுனதுக்கு, கை கழுவுன பெறகு யாரும் கோவிக்கக் கூடாது. என்னையும் சேத்துத்தான் சொல்றேன்." எனக்கு அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு நிறைந்துவிடுகிறது. வெளியே மழை ஊற்றும், ஈர உடுப்பெல்லாம் அடுப்புக்கு மேலே கொடியில் தொங்கும், கருவாட்டுக் குழம்பு வாசனையும் ஈரச் சாக்கு வாசனையுமாகக் கூடமே ஒரு மாதிரி மணக்கும். அத்தனை பேர் பேச்சுக்கு நடுவில் பரிமாறிப் பரிமாறி என் முதுகு விட்டுப்போகும். ஆனாலும் அந்தச் சத்தத்துக்கு ஈடாக எதையும் நான் இதுவரை கேட்டதில்லை, கோயில் மேளத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கிட்டங்கியைப் பார்த்துக்கொண்ட முத்தையாவை உனக்கு நன்றாகத் தெரியும், உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ரயில் பார்க்கப் போவானே, அவன்தான். ஒருநாள் பந்தியில் சோற்றைப் பிசைந்துகொண்டே, "மொதலாளி, நேத்து அந்தக் கெழவிக்கு நீங்க நிறுத்துக் குடுத்த மொளகா ஈரம். காஞ்சா எடை கொறையும். லயத்துல போயி நம்மளத்தான் ஏசும்" என்றான். உன் அப்பாவுக்கு முகம் சிவந்து காது வரைக்கும் ஏறிவிட்டது. நான் கரண்டியோடு அப்படியே நின்றேன். அவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "அப்ப அந்தப் பக்கம் போற ஆளுகிட்ட ரெண்டு கை சேத்துக் குடுத்தனுப்பு" என்றார், அவ்வளவுதான். அந்தக் கிழவி அதை வட்டகொடை வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கேட்காமலே கொண்டுவந்து கொடுத்த கடை என்று நமக்குப் பெயர் வந்தது அப்படித்தான். நாம் ஒரு நோட்டீஸ் அடித்ததில்லை, தம்பி.

பிறகு கடை பெருகியது. பெருகினதும் உன் அப்பா கொழும்பில் ஒரு பெரிய கம்பனிக்குச் சரக்குப் பேசப் போனார். திரும்பி வந்தவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அங்கே கண்ணாடி அறையாம், மேசையில் மணியாம், மணி அடித்தால்தான் ஆள் உள்ளே வருமாம், ஊசி விழுந்தால் சத்தம் கேட்குமாம். "நாலு மூட்ட வச்சிருந்த காலத்துப் பழக்கத்தையே வச்சிருந்தா, கடைசி வரைக்கும் நாம பெட்டிக்கடைதான்" என்றார். ஆசாரியைக் கூப்பிட்டுக் கல்லாவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அறை போட்டார். பித்தளை மணி ஒன்றும் வந்தது. இனி யாரும் நேராக வரக் கூடாது, சொல்ல வேண்டியதைக் கணக்கப்பிள்ளை சிவசாமி மாமாவிடம் சொல்ல வேண்டும், அவர் முதலாளியிடம் சொல்லுவார், முதலாளியின் உத்தரவு சீட்டில் வரும். சாப்பாடும் அறைக்கே போயிற்று. நான்தான் தட்டில் போட்டு மூடிக் கொடுத்தேன்.

சிவசாமி மாமா கெட்டவர் இல்லை. அவர் பயந்தவர். உன் அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் வாயைத் திறப்பார். முகம் கடுகடுவென்று இருந்தால் நல்ல சேதியை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவார். உன் அப்பாவின் முகம் என்றைக்கு இளகி இருந்தது? ஒருதரம் சீனி மூட்டை நனைந்துவிட்டதென்று சொல்லப் போய், வாடிக்கைக்காரர் முன்னாலேயே வசமாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து, "எல்லாம் சரியா இருக்குங்க" என்பதைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. உன் அப்பாவும் அதை நம்பினார், கேட்க இனிமையாக இருந்தது அல்லவா. பந்தியில் பேச்சு நின்றுபோயிற்று. தலையைக் குனிந்து அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். நான் பொறுக்க மாட்டாமல் ஒருநாள், "பந்தியில சத்தமே இல்லீங்க, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்றேன். "சாப்புடுற எடத்துல சத்தம் எதுக்கு? இப்பதான் கடை கடையாட்டம் இருக்கு" என்றார். அடுப்படியில் கிடக்கிறவள் பேச்சு அம்பலம் ஏறுமா?

அந்தச் சித்திரையில் இடிமழை கொஞ்சம் முன்னதாகவே பிடித்துக்கொண்டது. மண்ணெண்ணெய்த் தகரங்களை நாம் எப்போதும் பின்பக்கக் கொட்டகையில்தான் வைப்போம். கொட்டகை ஒழுகியதால் தகரங்களைக் கிட்டங்கிக்குள் எடுத்து வைக்கச் சொல்லிச் சீட்டு வந்தது. அரிசியோடு வைக்கக் கூடாது என்று முத்தையா சிவசாமி மாமாவிடம் சொன்னான். அவர், "மொதலாளி சீட்டு எழுதிட்டாருப்பா, பெறகு பாப்போம்" என்றார். வைத்தார்கள். அதில் ஒரு தகரம் மூட்டு விட்டுக் கசிந்து, அடியில் இருந்த அரிசி மூட்டைகளில் இறங்கிவிட்டது. முத்தையா அந்த மூட்டைகளைப் பிரித்தெடுத்து, முதலாளி பார்த்து ஒரு முடிவு சொல்லட்டும் என்று வாசலோரமாக ஒதுக்கி வைத்தான். சொல்லப் போனான். பிறகு ரயிலில் சரக்கு வந்திருக்கிறதென்று அவனை ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் இல்லாத நேரத்தில் அறையிலிருந்து ஒரு சீட்டு வந்தது: பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்துக்கு, மாரியம்மன் திருவிழா அன்னதானத்துக்கு, அரிசி ஏற்று. வண்டி ஏற்றுகிறவர்கள் வாசலோரத்தில் எடுத்து வைத்திருந்த மூட்டைகளைப் பார்த்து, இதுதான் போலிருக்கிறது என்று தூக்கி ஏற்றிவிட்டார்கள். கிட்டங்கி முழுக்க மண்ணெண்ணெய் நெடி அடித்துக்கொண்டிருந்ததால் எந்த மூட்டையில் நாற்றம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பழையபடி பந்தியில் உட்கார்ந்திருந்தால், 'நாளைக்கு அம்மன் கோயிலுக்கு அரிசி போகுது' என்று உன் அப்பா சொல்லியிருப்பார், 'வாசல்ல இருக்கிறத தொட்டுடாதீங்க' என்று முத்தையா சொல்லியிருப்பான். நான் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றியிருப்பேன். அவ்வளவில் முடிந்திருக்கும் காரியம்.

அரிசியாக இருந்தபோது அமுங்கிக் கிடந்த நாற்றம், உலையில் கொதித்ததும் கிளம்பிவிட்டதாம். அத்தனை பானைச் சோற்றையும் கொட்டினார்கள். விரதம் இருந்தவர்கள், காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகாமல் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத் திருவிழாவுக்கு நின்றவர்கள், பிள்ளைகள், எல்லோரும் வெறும் வயிற்றோடு அம்மன் முன்னால் நின்றார்கள். மறுநாள் ஒரு பெண் கூடையைத் தலையில் சுமந்துகொண்டு நம் கடைக்கு வந்தாள். மஞ்சள் சேலை, காப்புக் கூட இன்னும் அவிழ்க்கவில்லை. கூடையை இறக்கிக் கல்லா முன்னால் வைத்தாள். உள்ளே சோறு.

"மொதலாளி எங்க? வந்து மோந்து பாக்கச் சொல்லுங்க. எங்க ஆத்தாளுக்குப் படைக்க வாங்குன அரிசி" என்றாள்.

கண்ணாடி அறைக்குள் உன் அப்பா உட்கார்ந்திருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. அவர் வெளியே வரவில்லை. சிவசாமி மாமாவை உள்ளே கூப்பிட்டார். மாமா வந்து, "ரயில்ல வர்றப்ப ஆன கோளாறும்மா, கடையில ஒரு தப்பும் இல்ல" என்றார். அங்கே நின்ற நம் ஆட்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். அவள் அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அதிலேயே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. "வெளிய வந்து ஒரு வார்த்த சொல்ல முடியல. அம்புட்டுப் பெரிய ஆளாயிட்டாரா?" என்று கேட்டுவிட்டு, கூடையை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அடுப்படி வாசலில் நின்ற எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கட்டின புருஷன்தான், ஆனாலும் அன்றைக்கு அவரை எனக்குப் பிடிக்கவில்லை.

ரயில் கோளாறு என்று முன்வாசலில் சொன்னோம். நம் ஆட்கள் சாயந்தரம் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். உள்ளே சொல்ல வழி இல்லாத பேச்சு வெளியே போய்த்தானே ஆக வேண்டும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? 'மண்ணெண்ணெய்க் கடை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சம்பள நாளில் லயத்து ஜனங்கள் நம் வாசலைத் தாண்டும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள், சின்னப் பிள்ளைகள் கூட. கெட்ட காலம் பார்த்துத் தேயிலை விலையும் விழுந்தது. மற்றக் கடைகளும்தான் கஷ்டப்பட்டன, ஆனால் இருக்கிற கொஞ்ச வியாபாரமும் நம்மைத் தாண்டிப் போயிற்று. கடையை விற்றுவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்று உன் அப்பா என்னிடம் கேட்டார். அவர் அப்படிக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

யார் மேலாவது பழி போட வேண்டும் அல்லவா. முத்தையாவை வேலையை விட்டு நிறுத்துவதென்று முடிவு செய்து அறைக்குக் கூப்பிட்டார். நான் தட்டை எடுக்கப் போகிற சாக்கில் அங்கே போய் நின்றேன். "தெரிஞ்சிருந்தும் ஏன்டா என்கிட்ட சொல்லல?" என்று கத்தினார். முத்தையா கத்தவில்லை. "வந்தேன் மொதலாளி. ரெண்டு தரம் வந்தேன். இந்தா, இந்தக் கண்ணாடிக்கு வெளியதான் நின்னேன். மணி அடிச்சா வான்னு சொன்னாங்க. மணி அடிக்கல" என்றான். உன் அப்பா அந்த மணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை உள்ளே இருக்கிறவர் மட்டும்தான் அடிக்க முடியும். வெளியே நிற்கிறவன் எதை அடிப்பான்?

முத்தையாவை நிறுத்துகிற பேச்சு அதோடு போயிற்று. மறுநாள் மத்தியானம் அவர் கூடத்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்தார். தானாகவே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார் போலிருக்கிறது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நாளைக்கு என்ன போகிறது என்று அவர் பாட்டுக்குச் சொன்னார். "சரிங்க", "சரிங்க" என்பதோடு முடிந்தது. நாள் கணக்கில், வாரக் கணக்கில் அப்படியே போயிற்று. ஒரு நாளில் மூடின வாய் ஒரு நாளில் திறக்குமா? ஒருதரம் ஏசி அனுப்பினால் போதும், மனிதன் தன் வாயைத் தானே தைத்துக்கொள்வான்; அதைப் பிரிக்க ஒவ்வொரு தையலாகத்தான் பிரிக்க வேண்டும். உன் அப்பாவைப் பற்றி நான் எத்தனையோ சொல்லுவேன், ஆனால் அந்த விஷயத்தில் அவர் பொறுமையாக இருந்தார். தினமும் வந்து உட்கார்ந்தார். சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்தார்.

ஒருநாள் முத்தையா ஒரு கவளம் வாயில் போட்டுவிட்டு முகத்தைச் சுளித்தான். பிறகு மெதுவாக, "பருப்புல உப்பு இல்ல" என்றான். கூடமே திகைத்துப் போயிற்று. முதலாளியம்மா சமையலை யார் குறை சொல்லுவது? உன் அப்பா ஒரு வாய் எடுத்து ருசி பார்த்தார். "ஆமா, இல்ல. எனக்கும் அப்பவே தெரிஞ்சுது, சொல்லப் பயந்துட்டேன்" என்றார். தம்பி, அந்தச் சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். சிவசாமி மாமாவுக்குப் புரை ஏறிவிட்டது. வேறொரு நாளாக இருந்தால் அவனை நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். அன்றைக்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பு அடங்குவதற்குள் வேறொருவன் கொட்டகை ஒழுகுவதைப் பற்றிச் சொன்னான், இன்னொருவன் தராசைப் பற்றிச் சொன்னான். கண்ணாடி அறையைப் பிரித்தார்கள். அந்தக் கண்ணாடியைத்தான் முறுக்கும் லட்டும் வைக்கிற அலமாரிக்குப் போட்டிருக்கிறோம்.

அடுத்த திருவிழாவுக்கு அந்தத் தோட்டத்துக்காரர்கள் நம்மிடம் அரிசி வாங்கவில்லை. ஆனாலும் உன் அப்பா போனார். கடைக்கு ஓர் ஆளை வைத்துவிட்டு மற்ற எல்லோரையும் கூட்டிக்கொண்டு, வெறுங்கையோடு பஸ் ஏறிப் போனார், நானும் போனேன். ஏதாவது கொண்டுபோனால் கொடுத்துச் சரிக்கட்ட வந்தான் என்பார்கள் என்று முத்தையாதான் பந்தியில் சொன்னான். கோயில் முன்னால் ஜனங்கள் கூடியிருந்த இடத்தில் உன் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "ரயில்ல ஒண்ணும் ஆகல. என் கிட்டங்கியிலதான் ஆச்சு. சொல்ல வந்தவங்களுக்கு நான் காது குடுக்கல. உங்களுக்கும் மொகம் குடுக்கல" என்றார். அந்தக் கூடைக்காரப் பெண் முன்னால் வந்தாள். "அரிசி விக்கவா வந்தீங்க?" என்றாள். "இல்லம்மா, இதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம்." அவள் அவரை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தாள். "அப்பன்னா உக்காருங்க. சோறு இருக்கு" என்றாள். மண்ணில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மண்ணெண்ணெய்க் கடை என்ற பெயர் உடனே போய்விடவில்லை, இன்றைக்கும் சில கிழடுகள் அப்படித்தான் சொல்லுகின்றன. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டே நம் கடைக்குத்தான் வருகின்றன.

இத்தனையும் எழுதியது பழைய கதை பேசுகிற ஆசையால் மட்டும் இல்லை. போன வாரம் உன் கடையிலிருந்து ஒருவர் அட்டனுக்கு ஒரு வேலையாக வந்தார். யார் என்று கேட்காதே, கண்டுபிடிக்கவும் பார்க்காதே. பார்த்தாயானால் நீ என் பிள்ளை இல்லை. மத்தியானம் நம் பந்தியில் உட்கார வைத்தேன். உன் அப்பாவுக்குப் பக்கத்தில் முத்தையா உட்கார்ந்து தராசு பழுது பார்க்க வந்தவனை வாய்க்கு வாய் திட்டிக்கொண்டிருந்ததை அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். எல்லோரும் எழுந்த பிறகு தயங்கித் தயங்கி அடுப்படி வாசலுக்கு வந்து, உன் கடையில் நடக்கிற ஒரு காரியத்தை என்னிடம் சொன்னார். நீ செய்கிற தப்பு இல்லை. உன் பெயரில் நடக்கிறது. இன்னும் வாசலைத் தாண்டவில்லை, ஆனால் வெகுநாள் தங்காது. "தம்பிகிட்ட சொல்ல வேண்டியதுதானேய்யா?" என்று கேட்டேன். "தம்பி மாடியில இருக்காங்கம்மா" என்றார்.

அது என்னவென்று இந்தக் கடிதத்தில் எழுதிவிடலாம். எழுதப் போய் இரண்டு தரம் நிறுத்திவிட்டேன். நான் சொன்னால் இது ஒன்று சரியாகும். அடுத்தது வரும்போது யார் அட்டனுக்கு வந்து என் அடுப்படியில் நிற்பார்கள்? இப்போது அது உன் கடையில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும், நூறு வளைவு தாண்டி இங்கே இருக்கிற எனக்கும் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியாது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போ, ராசா. சோறு ஆறிப்போகும்.

இப்படிக்கு,
உன் அம்மா